இறக்கி விடச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய பெருமைகளைப் படிக்க விரும்புவீர்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. நான் அவருக்குச் செய்ததை எழுதுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மணமான சில ஆண்டுகளிலேயே மாமா காலமானார், குழந்தை இல்லை. அக்கா மூலையில் உட்காரவில்லை. சென்னைக்குச் சென்று பாலர் பள்ளி ஆசிரியைப் பயிற்சி முடித்து, அடி அண்ணாமலையில் ஒரு சிறு பள்ளியில் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். அங்கே பலகைக்கும் பல்பத்துக்கும் வேலை குறைவு. ஆடிக் காற்றில் பிள்ளைகள் ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். மழை பெய்தால் சேறு மிதிப்பார்கள். கார்த்திகைக்குக் களிமண்ணில் கோணல் கோணலாக அகல் பிடிப்பார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நாளில் ஒரு குவியலை நடுவில் கொட்டி உரிக்க விடுவார். விரல் பழகினால் எழுத்து தானாக வரும் என்பார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த நான், அதைப் பள்ளிக்கூடம் என்றே மதித்ததில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் மகன் பிறந்தான். இரண்டு வயதாகியும் அவன் நிற்கவில்லை. கைவிரல்கள் மடங்கியே இருந்தன. அவன் நடக்கும்வரை பௌர்ணமிதோறும், அவன் கால் தரையில் படாமல் தோளில் சுமந்து மலை சுற்றுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டுதலுக்குப் பங்கம் வரக்கூடாது என்று வீட்டிலும் அவனைத் தரையில் விடவில்லை. கட்டிலும் எங்கள் இடுப்பும்தான் அவனுக்கு உலகம்.

சுற்றி வரும் வழியில் அக்கா வீட்டில் இளைப்பாறுவோம். ஒவ்வொரு முறையும் அவனை இறக்கி விடச் சொல்வார். "நீ சுத்துற சுத்துல ஒன் காலுதாண்டா பலமாவுது. அவன் காலு எப்டிடா ஆவும்?" என்று சிரிப்பார். நானும் சிரித்து மழுப்புவேன்.

ஓர் ஐப்பசி மாலை, நான் முகம் கழுவித் திரும்புவதற்குள், அக்கா அவனை அக்குளில் தாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கணுக்கால் வரை சேறு. அவன் அழவில்லை. கால்விரல்களைச் சுருக்குவதும் விரிப்பதுமாக, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் ஒனக்கு," என்றேன்.

அக்கா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "செரிப்பா, தூக்கினு போ," என்றார்.

அதன்பின் பல ஆண்டுகள் அந்த வாசலைக் கடந்துதான் மலை சுற்றினேன். அக்கா நிற்பது தெரியும். தலையைத் திருப்பிக்கொள்வேன். மகன் கனத்துக்கொண்டே வந்தான். ஒரு பௌர்ணமியன்று தோள் தாங்கவில்லை. வேண்டுதல் அதோடு நின்றது. அவ்வாண்டே என் மனைவியும் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த வாரம், அக்கா ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டையோடு வந்தார். மகனைத் தரையில் உட்கார வைத்து எதிரில் அமர்ந்தார். ஒரு மல்லாட்டையை உடைக்க அவனுக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது. அப்புறம் புளியங்கொட்டை, ஆற்று மணல், மார்கழியில் சாணி உருண்டையில் செருகும் பூசணிப்பூ. ஆண்டுகள் ஓடின. அவனாகவே சோற்றை எடுத்து வாயில் வைத்த நாளில் அக்காவிடம் கேட்டேன், அன்றே இறக்கி விட்டிருந்தால் நடந்திருப்பானா என்று.

"தெரியலப்பா," என்றார். "உட்டுப் பாத்திருக்கணும்."

ஆறுதலும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. நான் விடியற்காலை கண் விழிப்பது அந்தச் சொல்லில்தான்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த அக்கா எழவே இல்லை. கடைசியாகப் பேசியபோதும் மகனுடைய சட்டையைக் காட்டி, பித்தான் போட இன்னும் பழக்கவில்லையே என்றார். வாய்க்கரிசி போட அவனைத் தூக்கிச் சென்று அருகில் உட்கார வைத்தோம். நாங்களெல்லாம் கையால் அள்ளிப் போட்டோம். அவன் மூன்று விரலால் சில மணிகளை மட்டும் எடுத்து, ஒன்றும் சிந்தாமல் வைத்தான்.

நோயில் அக்காவின் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், அவரைச் சுமந்து சென்ற அவருடைய பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எனக்கு அறுபது கடந்துவிட்டது. எனக்குப் பின் இவனுக்கு யார் என்று சந்நிதியில் நின்றாலும் கேட்க வாய் வருவதில்லை. தினமும் அவனோடு தரையில் உட்காருகிறேன். உட்கார்ந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. மல்லாட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சேற்று விளையாட்டை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்றும் பாதியில் நிறுத்திவிட்டேன். அக்காவிடம் படித்தவர்களே, ஐப்பசி மழையில் அவர் உங்கள் கைகளையும் கால்களையும் என்ன செய்யச் சொன்னார் என்று நினைவிருந்தால், தயவுசெய்து வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டது.