மாம்பலம் கேட்டில் நகராத கூட்ஸ் வண்டி

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவி, இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் போனவரைச் சாந்த சொரூபி என்றும், தீங்கு செய்தவரையும் மன்னித்தவர் என்றும் எழுதுவது நம் வழக்கம். அப்பா எல்லோரையும் மன்னித்தவர் அல்லர். ஒருவரை மன்னிக்கவே இல்லை. அவருடைய ஒரே மகளான எனக்கும் அவரை மன்னிக்கும் எண்ணம் கிடையாது. மனம் சங்கடப்படுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புகைப்படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் பிறந்தவர் அப்பா. பெரியப்பா மூத்தவர், நடுவில் அத்தைமார், அப்பா கடைக்குட்டி. மீசை அரும்பும் வயதில் சென்னைக்கு வந்து, தி.நகர் ரங்கநாதன் தெருவில் பெரியப்பாவின் பாத்திரக்கடையில் சேர்ந்தார். பெரியப்பா முன்னால் கல்லாவில் உட்காருவார். அப்பா பின்கட்டில் ஓட்டைக் குடத்துக்குப் பற்று வைப்பார், பாத்திரங்களில் பெயர் வெட்டுவார். இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டுத் தாம்பாளத்தில் "அன்பளிப்பு" என்று இருக்கும் எழுத்து அப்பாவின் கையெழுத்துதான். கொம்பும் சுழியும் அச்சுப்போல இருக்கும். ஒரு எழுத்து பிசகினால் அந்தத் தட்டையே ஒதுக்கிவிட்டு வேறு எடுப்பார். பொய் சொன்னால் கைநீட்டுவார். பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார். அம்மாவிடம் மட்டும் குரல் உயர்த்தியதில்லை, அதற்கு அம்மா இடம் கொடுத்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பது நம்மில் முறை. ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்றவர், மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில்தான் இறந்தார். மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய சமயம் அது. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். அப்பா தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைக் கையில் ஏந்திப் புறப்பட்டார். எங்கள் பக்கத்திலிருந்து கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுக்குப் போக வேண்டுமென்றால் மாம்பலம் ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியப்பா அப்பாவை நிறுத்தினார்.

"தம்பி, சந்தனக்கட்டை வீட்டுலயே கெடக்கு போல. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துரு. சட்டிய எங்கிட்ட குடு. நாங்க கேட்டுல நிக்கோம்."

அண்ணன் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். சட்டியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். சந்தனக்கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் நான்தான். மூச்சு வாங்க, "எல்லாரும் காத்துக்கிட்டு நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. பாடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சட்டியோடு பெரியப்பா. அப்பா, "அண்ணே!" என்று கத்தினார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அப்பா சந்தனக்கட்டையைத் தூக்கிக் காட்டினார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி வந்து, சிக்னல் கிடைக்காமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து போக அப்பா குனிந்தபோது கேட்காரர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா நைனா, சாவப் போறியா? வண்டி நவுந்துச்சின்னா துண்டாப் பூடுவ!"

"எங்கம்மாவுக்குய்யா… விடுய்யா…"

"தெரியுது நைனா. அந்தாளு உன்னப் பாத்துட்டுத்தான் போனாரு. நின்னா இன்னா கொறஞ்சா பூடுவாரு?"

கூட்ஸ் நகர்ந்து, கேட் திறந்து, அப்பா சுடுகாட்டுக்கு ஓடிச் சேர்ந்தபோது சிதை பற்றி எரிந்துகொண்டிருந்தது. சந்தனக்கட்டையை அப்படியே நெருப்பில் போட்டுவிட்டு வீடு திரும்பினார்.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. "கடைசி மகன் எங்கே?" என்று அங்கே கேட்டவர்களிடம் பெரியப்பா, "பயந்துக்கிட்டு எங்கேயோ நழுவிட்டான். நான் திரும்பிப் பாக்கறேன், ஆளையே காணோம்" என்று சொல்லியிருக்கிறார். பிறகு அதுவும் மாறி, "நான் திரும்பியே பாக்கல" என்று ஆனது. உங்களுக்கு இரண்டும் உண்மையாகத்தான் பட்டது. பெரியவர், கடை வைத்திருப்பவர், பொய்யா சொல்லப்போகிறார்! பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வராத பிள்ளை என்று அப்பாவுக்குப் பட்டம் கட்டினீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பா வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் பேச்சு நிற்கும். அப்பா நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்று பாயசத்தை இலையில் ஊற்றினீர்கள். யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் போடவில்லை, அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள்.

அப்பா கடையை விட்டு வந்துவிட்டார். மேற்கு மாம்பலத்திலேயே சிறிதாக ஒரு பற்றவைப்புக் கடை போட்டார். வாயால் சொல்லி ஆகவில்லை, கையால் சொல்லிக் காட்டுகிறேன் என்று ஒருநாள் வீட்டு முன்னறையை ஒழித்து, கட்டில் அகலத்துக்குப் பலகை அடித்தார். மாம்பலம் கேட்டை, அன்றைக்கு இருந்தபடியே, பொம்மை ரயிலோடு கட்டப்போவதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

கடையில் விற்கிற ரயில் பொம்மை எதுவும் அப்பாவுக்குச் சரிப்படவில்லை. "இது சீமை ரயிலு. நம்ம மீட்டர் கேஜ் இப்படியா இருக்கும்?" என்றார். பித்தளைத் தகட்டை நூலாக வெட்டி, அரம் போட்டு ராவி, தண்டவாளத்தைத் தாமே செய்தார். தச்சுப்பட்டறையில் கழித்த தேக்குச் சில்லுகளைச் சீவிக் குறுக்குக் கட்டைகளாக்கினார். குண்டூசித் தலையைத் தட்டி ஆணியாக்கி, ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தின் இருபுறமும் அறைந்தார். தண்டவாளங்களின் இடைவெளியில் என் சுண்டுவிரல் மட்டும் நுழையும். மழைக்காலத்தில் கட்டை ஊதி இடைவெளி குறைந்து ரயில் தடம் புரண்டது. ஒரு பக்கம் முழுவதையும் பெயர்த்துப் போட்டு மறுபடி தொடங்கினார். "போதும், ஓடுதுல்ல" என்று யாராவது சொன்னால், "கோணலா இருந்தா இதையும் பொய்யின்னுதான் சொல்லுவாங்க" என்பார்.

பிஸ்கட் டப்பாத் தகரத்தில் பெட்டிகள். மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய டேப் ரிக்கார்டர் மோட்டார். மேலே மின்கம்பிக்கு மெல்லிய செம்புக் கம்பி. அன்றைக்கு மாம்பலத்தில் ஓடிய பழைய மின்சார ரயில், அன்றைக்குக் கேட் அருகே சுவரில் இருந்த சோப்பு விளம்பரம், அன்றைக்குக் கேட்டில் காத்துநின்ற குதிரைவண்டி. பிற்பாடு புதுப் பெட்டிகள் வந்தபோது ஒரு மாமா அதையும் சேர்க்கச் சொன்னார். "அன்னைக்கு அது ஓடல" என்றார் அப்பா. எந்த யோசனைக்கும் பதில் அதுதான்.

கூட்ஸ் வண்டியைக் கடைசியில் செய்தார். அதன் சக்கரங்களைத் தண்டவாளத்தோடு ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டார். கேட்டுக்கு இந்தப் பக்கம் கையைத் தூக்கியபடி ஒரு பொம்மை. அந்தப் பக்கம் சட்டியோடு ஒரு பொம்மை. அதன் கால்கள் சுடுகாட்டுப் பக்கம், முகம் கேட்டின் பக்கம். இரண்டுக்கும் வர்ணம் பூசியவள் நான். பெரியப்பாவின் தங்க ஃபிரேம் கண்ணாடியை மறக்காமல் வரைந்தேன்.

அடுத்த வீட்டு மாமாதான் முதலில் பார்த்தார்.

"ஏன் சார், எல்லா வண்டியும் ஜோரா ஓடறது. இந்த கூட்ஸ் மட்டும் நின்னுண்டே இருக்கே? மோட்டார் போயிடுத்தா?"

"மோட்டாரே வைக்கல சார். அது எங்கம்மா போன அன்னைக்கு நின்ன வண்டி."

மாமா மெதுவாகக் குனிந்து இரண்டு பொம்மைகளையும் பார்த்தார். "அட பாவி!" என்றார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு ரயில் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். நீங்களும் வந்தீர்கள். ஓடுகிற ரயிலைப் பார்ப்பீர்கள், கை தட்டுவீர்கள், கடைசியில் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பீர்கள். அப்பா அதே பதிலைச் சொல்வார். அதற்குப் பிறகு யாரும், "விடுங்க" என்று சொன்னதில்லை. பெரியப்பா காதுக்கும் செய்தி போனது. ஒரு பொங்கலுக்குப் பழத்தட்டோடு வந்தார். "அடேயப்பா, என்னமாச் செஞ்சிருக்கான்!" என்று ஆரம்பித்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார்.

"இது யாருல?"

"தெரியலையா அண்ணாச்சி?" என்றார் அப்பா.

"நான் திரும்பியே பாக்கலயேல!"

"பாத்தீங்க."

"பாக்கல!"

"பாத்தேன்னு ஒத்த வார்த்த, நாலு பேரு முன்னால சொல்லுங்க. அன்னைக்கே இந்தப் பொம்மைய எடுத்துருதேன். இது என் வாக்கு."

பெரியப்பா காப்பியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அப்பா உயிரோடு இருந்தவரை எங்கள் வாசற்படி ஏறவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. படுக்கையில் இருந்தபோதும், முன்னறையிலிருந்து ரயில் சத்தம் கேட்டால் எந்த இணைப்பில் சக்கரம் தட்டுகிறது என்று சொல்வார். தமக்குக் கொள்ளி நான் வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் போன அன்று பெரியப்பா தம் மகனைக் குளிக்கவைத்து, ஈர வேட்டியோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆண் வாரிசு இல்லாத வீடு அல்லவா! என்ன கரிசனம்!

"சட்டிய எம்பொண்ணு எடுப்பா" என்றார்கள் அம்மா.

"பொட்டப்புள்ளையா? ஊரு சிரிக்கும்" என்றார் பெரிய அத்தை.

"ஊரு பத்து வருசமா சிரிச்சுக்கிட்டுத்தான் மதினி இருக்கு. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

நான் சட்டியை எடுத்தேன். கேட் திறந்திருந்தது. பெரியப்பா வயதானவர், பின்னால் தளர்ந்து வந்துகொண்டிருந்தார். தண்டவாளத்தைத் தாண்டியதும் நான் நின்றேன். எல்லோரும் நின்றார்கள். அவர் வந்து சேரும்வரை காத்திருந்தேன். மரியாதைக்காக அல்ல. நான் கொள்ளி வைப்பதை அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்த்தார்.

இந்த மலருக்கு நான் கட்டுரை எழுதுகிறேன் என்று சென்ற மாதம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனியாக வந்தார். நேரே முன்னறைக்குப் போனார்.

"தாயி, இந்தப் பொம்மைய மட்டும் எடுத்துரு. திதிக்கு எல்லாரும் வருவாங்க. என் பேரன் பேத்தி வரும்."

"அப்பா கேட்டதைச் சொல்லுங்க பெரியப்பா. எடுத்துடறேன்."

அந்தப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"பாத்தேன். கையத் தூக்கிக் காட்டினான், பாத்தேன். சட்டி என் கையில இருந்துச்சு. ஊரே என்னப் பாத்துக்கிட்டு வந்துச்சு. நின்னா அவங்கிட்ட திருப்பிக் குடுக்கணும். நிக்கல."

அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? "இதையே திதியன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க" என்றேன்.

"செத்தாலும் மாட்டேன். உங்கிட்டச் சொல்லிட்டேன்ல, போதாதா?"

"போதாது" என்றேன்.

இனி நன்றி சொல்லும் கடமை. அப்பாவுக்கு இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த அடுத்த வீட்டு மாமாவுக்கும், நான் சட்டியோடு போன அன்று என் தோளைத் தொட்டு, "தைரியமா போம்மா, நான் கேட்ட மூட மாட்டேன்" என்று சொன்ன கேட்காரருக்கும், இந்தக் கட்டுரையில் ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லாத அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பா அவர்களுக்குத் தனி நன்றி. அறைக்குள் என்னிடம் சொன்ன வார்த்தையை வெளியே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தச் சிரமம் அவருக்கு வேண்டாமென்று நானே மேலே அச்சடித்துவிட்டேன். அவருடைய பிரதியை மகன் கையில் கொடுத்திருக்கிறேன், உரக்கப் படித்துக் காட்டும்படி.

அப்பா வாக்குத் தவறாதவர். அவர் கேட்ட வார்த்தை நாலு பேர் முன்னால் வந்துவிட்டது, எனவே இன்று காலை சட்டியோடு நின்ற அந்தப் பொம்மையை எடுத்துவிட்டேன். முன்னறைக்குப் போய்ப் பார்த்தால் இடம் காலியாக இருக்கும். கூட்ஸ் வண்டியைப் பற்றி அப்பா யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அது அங்கேயேதான் நிற்கும்.