வாமதேவன் அடைத்த வாசல்

பாரிசின் லா சப்பலில் பலசரக்குக் கடைக்கு மேலே, ஐந்தாம் மாடியில், பதினெட்டுச் சதுர மீட்டர் அறையில் வாழ்கிற வாமதேவன், இலங்கையின் விசுவமடுவில் ஆறு அறை வைத்து வீடு கட்டினார். இங்கே கால் நீட்ட இடமில்லாததற்கு அங்கே பழிவாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் படம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். தேநீர்க்கடையில் யாரைக் கண்டாலும் விரித்துவிடுவார்.

காணி, அதே அறையில் அவரோடு வாழ்கிற மனைவி அருள்மலரின் சீதனம். அதிலிருந்த வீட்டில் 2009 போருக்குப் பிறகு மிஞ்சியது வாசல் நிலை மட்டும்தான். அந்த ஆண்டு காணாமல்போன அவள் தம்பி சேந்தனுக்கும் அந்த வாசல்தான் தெரியும்.

"அதை மாத்தாதேங்கோ. வந்தானெண்டால் எதாலை உள்ளுக்கு வருவான்?"

"பெல் அடிப்பான். பாட்டுப் பாடுற பெல்லாப் போடுறன்."

பதினொரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவருக்கு வீடென்றால் கண்ணாடி, இரும்புக் கதவு, தார் றோட்டைப் பார்த்த முகப்பு. பின்னாலிருந்த ஒழுங்கையை, அந்தச் சந்தைப் பார்த்து நின்ற பழைய நிலையைப் பிடுங்கச் சொன்னார். அந்த இடத்தில் சுவர் எழுந்தது.

2014 மாசியில் ஒரு காலை, அங்கே வீட்டைக் கட்டுகிற மேசன் ஏரம்பமூர்த்தி ஸ்கைப்பில் வந்தார்.

"அண்ணை, நேற்று ஒழுங்கைப் பக்க விறாந்தைக்குச் சீமெந்து போட்டனாங்கள். ஆரோ மிதிச்சிருக்கு."

கைபேசியைத் தரைக்குத் திருப்பினார். ஒழுங்கையிலிருந்து வெறுங்கால் தடங்கள். வலது கால் இழுபட்டிருந்தது. புதுச் சுவரின் முன்னால் இரண்டு பாதமும் ஆழப் பதிந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

"மாடாயிருக்கும்," என்றார் வாமதேவன்.

"ரெண்டு காலிலை நடக்கிற மாடு உங்கடை பாரிசிலை இருக்குமண்ணை. இஞ்சை இல்லை."

சேந்தனின் வலது காலில் ஷெல் துண்டு இருந்தது. அருள்மலர் அழவில்லை. "காணி என்ரை. சுவரை இடியுங்கோ," என்றாள். வாமதேவன் அதையே மேசனுக்குச் சொன்னார். மூன்றாம் நாள், விறகுக்குப் போகாமல் கிடந்த பழைய நிலையையே அந்த இடத்தில் வைத்துக் கதவும் போட்டார்கள். உள்ளறைத் தரைக்கும் அன்றே சீமெந்து பூசினார்கள்.

மறுநாள் மேசன் பேசியது வீட்டிலிருந்தல்ல, அரை மைல் தள்ளி மதகடியிலிருந்து.

"இப்ப உள்ளுக்கும் தடம் கிடக்கண்ணை. போனது மட்டும்தான்."

"உள்ளை ஆள் இருக்கோ?"

"பாக்கேல்லை. கதவை வெளியாலை கொழுவிப்போட்டு வந்திட்டன்."

அருள்மலர் கைபேசியைப் பறித்தாள்.

"ஏன் கொழுவினனீங்கள்? ஓடிப்போய்த் திறவுங்கோ. பூட்டி வைச்சால் அவன் பயந்திடுவான்."