திறப்பு விழாவுக்கு வந்த ஆறு தறிகள்

திறப்பு விழா முடிந்த நான்காம் நாள், கொடுத்த தறிகளைக் கழற்றிக்கொண்டு போக லொறி வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கிழக்கிலங்கையின் மருதமுனை நெசவு நிலையத்தில் போதனாசிரியராக இருந்தேன். கைத்தொழிலை வளர்த்து வேலை கொடுக்கிறோம் என்று அரசாங்கம் ஆறு புதுத் தறிகளை அனுப்பியிருந்தது. மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். தறிகளில் ஆறு பெண்களை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். "இனி இவை உங்களுடைய தறிகள்" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

லொறியில் வந்து இறங்கிய எங்கள் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை தெற்கில இன்னொரு ஊரில திறப்பு விழா. அங்க தறி வந்து சேரேல்ல. இதுகளைக் கழட்டி ஏத்தும்."

"அப்ப இந்தப் பெண்டுகளுக்கு, ஐயா?"

"அவையின்ர பேர் வேலை கிடைச்ச பட்டியலில போயிட்டுது. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

மறுக்காமல் உள்ளே போனேன்.

முதல் தறியில் சவுதா உம்மா இருந்தார். கணவர் நோயில் படுத்தவர். அதுவரை ஒரு முதலாளியின் தறியில் கூலிக்கு நெய்துவந்தவர், எங்கள் பேச்சை நம்பி அதை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த இடத்துக்கு முதலாளி வேறு ஆள் பிடித்துவிட்டார். தறியில் சாரனுக்கான பாவு, லுங்கிக்கான நீளவாட்டு நூல், ஏற்றியிருந்தது. ஒவ்வோர் இழையாக அச்சில் கோத்து முடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் எழும்பவில்லை.

"பாவை அறுக்காமத் தறியக் கழட்ட ஏலா தம்பி. அறுக்கிறதெண்டா நீங்களே அறுங்க."

கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். இழைகள் சுருண்டு அவர் மடியில் விழுந்தன. அவர் நூலை அள்ளி என் கையில் திணித்தார்.

"இது அரசாங்கத்துட நூல். ஒண்டும் விடாமக் கொண்டு போங்க."

இரண்டாவது தறிக்குப் போக என்னால் முடியவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன்.

"உமக்கு வேலை வேணுமோ வேணாமோ?" என்று மேலதிகாரி கத்தினார்.

"வேணும் ஐயா. இவங்களுக்கும் வேணும். மிச்சப் பாவை அறுக்கிறதெண்டா எழுத்தில உத்தரவு தாங்க."

நல்ல நூலை வீணாக்கச் சொல்லித் தன் கையால் எழுத அவருக்குத் துணிவில்லை. 'ஏற்றிய பாவு நெய்து முடிந்ததும் தறிகளைக் கழற்றி அனுப்புக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அறுத்த ஒரு தறியுடன் போனார்.

நான் அந்தக் கடிதத்தைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களில் ஆசியா என்பவள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "பாவு முடிஞ்சாத்தானே கழட்டுவாங்க? முடிய விடாட்டி?"

அப்படியே செய்தார்கள். பாவு தீரும் முன்பே அதன் நுனியில் புதுப் பாவின் இழைகளைப் பிணைத்தார்கள். ஒரு நாளும் தறி வெறுமையாக இருக்கவில்லை. லொறி இரண்டு தடவை வந்து வெறுமனே திரும்பியது. மூன்றாம் தடவை வரவில்லை. எனக்கு இடமாற்றம் வந்தது.

ஐந்து தறிகள் அங்கேயே நின்றன. சவுதா உம்மாவுக்கு மட்டும் தறி இல்லை. மற்றவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக் கிடைத்ததைக் கொண்டுபோனார். வேலை கிடைத்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். பதிலே இல்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. மேலதிகாரிகள் மீது மட்டுமல்ல, என் மீதும்தான். முதல் தறியிலேயே நான் எழுத்தில் உத்தரவு கேட்டிருக்க வேண்டும்.

இந்த உத்தியோகத்துக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்கிறேன்: விழா நாளில் பட்டியல் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். அந்த ஆள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும் பெயரை எழுதுங்கள்.