வாசலுக்கு வராத அம்மா

என்னைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்பும்போது எங்கள் திருச்சபைப் பெரியவர்கள் சொன்ன காரணம், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான். இலங்கையின் மன்னாரில் பிறந்தவளுக்குத் தமிழ் தெரியாமல் வேறென்ன தெரியும்? என்னோடு ஊழியப் பயிற்சி முடித்தவர்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் மொழி படித்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சந்தோஷமாக வந்து இறங்கினேன். முதல் வாரமே மளிகைக் கடைக்காரர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க கேரளாவா?" என்றார். கடல் தாண்டி வந்தவளை அவர் மலை தாண்டி வந்தவள் ஆக்கிவிட்டார். நானும் திருத்தவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் ஒரே பிள்ளை. நான் ஊழியத்துக்குப் போவதில் அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்குக் கொஞ்சமும் இல்லை. எங்கள் வீட்டில் கடைக்குப் போவதென்றாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாய் தவறி "போறன்" என்றால் போச்சு. அம்மா வாசல் படலையிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, சரியாகச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் நான் புறப்பட்ட அன்று வாசலுக்கே வரவில்லை. குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் சட்டி தேய்த்தார். "போட்டு வாறன் அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சட்டிதான் பதில் சொன்னது.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் பண்ணுவார். பின்னாலிருந்து, "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்று குரல் கேட்கும். அது அப்பாவுக்குச் சொல்வது, எனக்கில்லை. அப்பா போனை அந்தப் பக்கம் நீட்டினால் குரல் நின்றுவிடும். கிறிஸ்மஸ் அன்றாவது பேசியே ஆக வேண்டும் என்று நானாக ஒரு கெடு வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கெடு இருப்பது அம்மாவுக்குத் தெரியாது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் மாடி அறை ஒன்றில் இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள். திராட்சைத் தோட்டம் வைத்திருந்த இந்துக் குடும்பம். கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண், எப்போதாவது வந்து தங்கும் கணவரின் தங்கை. கார்த்திகை முதல் தேதி வீட்டுக்கார அண்ணா சபரிமலைக்கு மாலை போட்டார். அன்றிலிருந்து அவர் அண்ணா இல்லை, சாமி. அவர் மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, மோட்டார் போட்டீகளா?" என்று தோட்டத்துக்குப் போன் பண்ணுவார். நானும் சாமி என்று கூப்பிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன்.

இருட்டு விலகும் முன் கீழே தண்ணீர் ஊற்றும் சத்தமும் சரணம் சொல்லும் சத்தமும் சேர்ந்து கேட்கும். அதுதான் எனக்கு அலாரம். நான் எழும்பி ஜெபத்துக்கு உட்காரும்போது தெருமுனையில் ஜீப் ஹாரன் அடிக்கும். அந்த ஊர்ச் சபைப் பெண்களில் பாதிப்பேர் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். தூக்குவாளியும் தலைக்குத் துண்டுமாக ஒரு ஜீப்பில் எப்படித்தான் அத்தனை பேர் ஏறினார்களோ, ஏறிப் போவார்கள். அதே ரோட்டில் மாலை போட்டவர்களின் வேன்களும் போகும். ஜீப்பில் போனவர்கள் பொழுது சாயத் திரும்பி வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதுவரை என்னிடம். வீட்டுப்பாடம், பிறகு கிறிஸ்மஸ் பாட்டு, பிறகு நாடக ஒத்திகை, நடுவில் மூக்குத் துடைத்துவிடுதல். ஊழியம் என்று வீட்டுக்கு எழுதியதில் பெரும்பகுதி இந்தக் கடைசி வேலைதான்.

எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேரல் பாடப் போனால் விடிய விடியப் போகும். இங்கே எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். விடியுமுன் ஜீப் ஏறுகிறவர்களை யார் எழுப்பிப் பாட்டுக் கேட்கச் சொல்வது? தபேலா வாசித்தவர் ஐயப்ப பஜனைக் கூட்டத்துக்காரர். கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வந்து உட்கார்ந்து எங்கள் பாட்டுக்கு வாசிப்பார். நன்றாகத்தான் வாசிப்பார். ஆனால் நடுவில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டால் தாளம் ஓட்டம் பிடிக்கும். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள், பெத்லகேம் பாட்டு பம்பைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான் மட்டும்தான் முகத்தைச் சுளித்தேன். வேறு யாருக்கும் அதில் குறையே தெரியவில்லை.

விரதம் தொடங்கியதும் வீட்டுக்கார அக்கா, "மாடியில நீங்க என்னமும் ஆக்கிக்கங்க டீச்சர், வாடை கீழ வராது" என்றார். வராமலா இருக்கும்? மீனை நிறுத்திவிட்டேன். மன்னார்க்காரி ஒரு மாதத்துக்கு மேல் மீன் இல்லாமல் இருந்தாள் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்காவும் நானும் நெருங்கியது வேறு வழியில். வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவர் விரதக்காரர் இருக்கும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. முதல் முறை ஒரு தலையணையும் போர்வையுமாக மாடிப்படியில் நின்று, "மூணு நாளைக்கு இங்கன படுத்துக்கிறட்டா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சொந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்புவதாவது! ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீழ இருந்தா மூணு வேளையும் ஆக்கணும்ல?" என்று போர்வையை உதறி விரித்தார். அந்த மூன்று நாளும் சாமியே சமைத்தார். கீழிருந்து வரும் தட்டில் உப்பு கூடியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அக்கா அதைச் சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார். என் கோபம் போகவில்லை. ஆனால் அவர் வரும் நாட்களுக்கு நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

அப்படி ஒரு நாள்தான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டு நாளாவா பேசல?"

"இல்லை."

"பெத்தவளுக்கு எப்பிடி மனசு வருது? எனக்குன்னா ஒரு வாரம் தாங்காது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசுவாக, பேசுவாக. திருநாளும் பெருநாளுமா பேசாம இருப்பாகளா?" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அப்பாவின் போன் வந்தால் அக்காவுக்கும் தெரிந்துவிடும். "பேசுனாகளா டீச்சர்?" என்று கீழிருந்தே கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை சாமி மலைக்குப் புறப்பட்டார். கீழே கூடத்தில் இருமுடி கட்டினார்கள். வீட்டார் ஒவ்வொருவராக வந்து அரிசி அள்ளிப் போட்டார்கள். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். என்னையும் கூப்பிட்டுவிடுவார்களோ, கூப்பிட்டால் என்ன சொல்வது என்று பதறிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

சாமி இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் தேங்காய் உடைத்தார். தெருவில் வேன் நின்றது. சின்னப் பெண் "அப்பா, டாட்டா..." என்று தொடங்க, அத்தைக்காரி அவள் வாயைப் பொத்தினாள். சாமி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. நேராகப் போய் வேனில் ஏறிவிட்டார். இத்தனை பேர் நின்ற வாசலில் அக்காவைக் காணோம்.

அவர் பின்கட்டில் இருந்தார். பளபளவென்று இருந்த பித்தளைக் குடத்தை உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகும் சட்டியும் எனக்குத் தெரிந்ததுதானே.

"அக்கா, சண்டையா?" என்றேன்.

"சண்டையா? யாரு கூட?"

"வாசலுக்கு வரவில்லையே. அவரும் சொல்லாமல் போகிறார்."

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்தார். கண் சிவந்திருந்தது. "மலைக்குப் போறவுக போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது டீச்சர். நாமளும் போயிட்டு வாங்கன்னு சொல்லப்படாது. கூட்டிட்டுப் போறதும் கொண்டாந்து விடுறதும் ஐயப்பன் பாடு. வாசல்ல நின்னா என் வாயி சும்மா கெடக்காது. அதான் இங்கன வந்துட்டேன்."

குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "உங்க அம்மாவும் அதுக்குத்தேன் அடுப்படியில இருந்திருப்பாக" என்றார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்று முழுக்க வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அம்மா அழுகையை அடக்கத்தான் சட்டி தேய்த்தார். அதைக் கோபம் என்று நினைத்த நான்தான் மடைச்சி. மறுநாள் ஆராதனையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் முறை என்னுடையது. இதையே கதையாகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, மேய்ப்பர்களில் ஒருவன் ஆட்டுக்குட்டியாக நடித்தவளைக் கடித்துவிட்டான், அந்தப் பஞ்சாயத்தில் நேரம் போய்விட்டது.

ஆராதனை நன்றாகவே நடந்தது. தோட்டத்துப் பெண்கள் லீவு போட்டுப் புதுச் சேலையில் வந்திருந்தார்கள். சபை வீடு ஒன்றிலிருந்து எனக்குப் பிரியாணி வந்தது. அக்காவுக்குக் கம்பம் பேக்கரியில் முட்டை போடாத கேக் வாங்கி வைத்திருந்தேன். சாமி திரும்பும்வரை வீட்டில் விளக்கு அணையக் கூடாது என்று அவர் எண்ணெய்யும் கையுமாக இருந்தார். கேக்கை வாங்கிக்கொண்டு, "இன்னைக்குப் பேசுவாக" என்றார், ஏதோ அவரே ஏற்பாடு செய்து வைத்ததைப் போல.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். வாழ்த்துச் சொன்னார், பாதிரியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டதைச் சொன்னார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "அம்மாவிட்டக் குடுங்கோ," என்றேன். போன் கைமாறியது தெரிந்தது. மூச்சு கேட்டது. பேச்சு இல்லை.

"அம்மா, அண்டைக்கு நான் வெளிக்கிடேக்க நீங்க அழுதுபோடுவீங்க எண்டுதானே குசினியில நிண்டனீங்க?"

"ஆர் சொன்னது?" என்றார்.

"இங்க வீட்டுக்கார அக்கா."

"அவவுக்கு என்ன தெரியும்? கோவத்தில நிண்டனான். உன்ர முகத்தைப் பாத்திருந்தா அடிச்சிருப்பன். கண்டறியாத ஊழியம்! இஞ்ச சனமில்லையே? ஒரு பிள்ளையப் பெத்து, அதையும் கடலுக்கு அங்கால விட்டுட்டு நான் ஆரோட கதைக்கிறது? சுவரோடயோ?"

அது நிற்கவில்லை. அத்தனை மாதமும் சேர்த்து வைத்திருந்த வசவு வரிசையாக வந்தது. அப்பாவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது, எங்கள் சபைப் பெரியவர்களுக்கும் கிடைத்தது. அக்கா எனக்குக் கட்டிக்கொடுத்த அழகான காரணம் ஒரு நிமிஷத்தில் இடிந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

"என்ன சாப்பிட்டனீ?" என்றார் கடைசியில், அதே கோபக் குரலில்.

"பிரியாணி."

"மீன்?"

"ஒரு மாசத்துக்கு மேல தின்னேல்லை. கீழ வீட்டில ஐயப்பனுக்கு விரதம்."

"உன்னை ஆர் விரதம் இருக்கச் சொன்னது? இதுக்கோ உன்னைச் சபையில அனுப்பினவை?" என்றவர் சட்டென்று நிறுத்தி, "ஐயோ, அடிப்பிடிக்குது" என்றார். போனை எங்கோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்பாவிடம் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அதற்குள் தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது. "வைச்சுப்போடாத. கறியைப் பாத்திட்டு வாறன்."

நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு படியிறங்கினேன். அக்கா விளக்குக்குத் திரி தூண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பேசுனாகளா டீச்சர்?"

போனை அவர் காதில் வைத்தேன். மன்னாரில் சட்டி மூடி விழும் சத்தம் கேட்டிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "என்னத்தையோ உருட்டுறாக. ஆளக் காணோமே?"

"வாறன் எண்டு சொன்னவ," என்றேன்.