இரண்டு லோரி வரட்டும்

வேலாயுதம் அண்ணன் தவறிவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலையில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவன் பழைய லோரி ஓட்டுநர் முனியாண்டியின் மகன். "சரி, இன்னொருத்தர் சொல்லட்டும்" என்று போனை வைத்துவிட்டேன். அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். அண்ணனைத் தெரிந்த உங்களுக்கு என்மேல் கோபம் வராது.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பந்து உதைக்காத இளைஞன் கிடையாது. பத்திரிகையில் மாநில அணிகளின் ஆட்டம் வரும். எங்கள் தோட்டத்து லீக்குக்கு யார் இடம் தருவார்கள்? செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடைபோட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணன், எங்கள் லீக் முடிவுகளை ஊருக்குச் சொல்லும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஞாயிறு ஆட்டத்தின் கோல் கணக்கை அந்தந்தத் தோட்டத்து ஓட்டுநர் தன் லோரியின் பின்பலகையில் வெண்கட்டியால் எழுதுவார். திங்கட்கிழமை லோரி செம்பனைக் குலைகளோடு எடைமேடையில் ஏறும்போது அண்ணன் முதலில் பலகையைப் பார்ப்பார், அப்புறம்தான் எடை. மோதிய இரண்டு தோட்டத்து லோரிகளும் ஒரே கணக்கைச் சொன்னால்தான் எடைக் கொட்டகையின் கரும்பலகையில் ஏற்றுவார். ஜெராமிலிருந்து மீன் விற்க வருகிறவர் அதைப் படித்துவிட்டுப் போய் வழியெல்லாம் சொல்வார். செய்தி பரவ வேறென்ன வேண்டும்!

நான் அதே ஆலையில் ஃபிட்டர். எங்கள் தோட்டக் குழுவின் கோல்கீப்பர். அண்ணனும் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருந்தவர்தான். ஒரு வருடம் கடைசி லீக் ஆட்டத்தை வென்றுவிட்டுக் காத்திருந்தோம். ஆற்றங்கரைத் தோட்டம் மேட்டுத் தோட்டத்தை ஜெயிக்காமல் இருந்தால் போதும், இறுதியாட்டம் எங்களுக்கு. திங்கள் காலை முனியாண்டி மேட்டுத் தோட்டத்து லோரியைக் கொண்டுவந்தார். பலகையில் 1–1! ஸ்பானரை வீசிவிட்டு ஓடினேன். பாய்லர்க்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"எழுதுங்கண்ணே!"

"ரெண்டு லோரி வரட்டும்லா. என்ன அவசரம்?"

சொன்னாரே தவிர, வெண்கட்டியைக் கீழே வைக்கவில்லை. அவருக்கும் அதே ஆசைதான்.

ஆற்றங்கரை லோரி வரவே கூடாது, வழியில் டயர் வெடிக்கட்டும் என்று சாமியை வேண்டினேன். வந்துவிட்டது. 2–1, ஆற்றங்கரைக்கு வெற்றி. கைகலப்பாகும் நேரத்தில் அண்ணன் முனியாண்டியைக் கூப்பிட்டார்.

"கடைசி விசில் கேட்டியாடா?"

முனியாண்டி தலையைச் சொறிந்தார். "மழை இருட்டிக்கிட்டு வந்துச்சுண்ணே. மண்சடக்கு சேறாயிட்டா லோரி மாட்டிக்கும்னு அஞ்சு நிமிஷம் முன்னாலயே எழுதிட்டுக் கெளம்பிட்டேன்."

முனியாண்டி தன் பலகையை அழித்துத் திருத்தியதும் அண்ணன் கரும்பலகையில் 2–1 என்று எழுதினார். "நீங்க நம்ம தோட்டத்து ஆளாண்ணே?" என்று கத்தினேன். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு மாத்தி எழுதினா, நாளைக்கு நாம நெஜமாவே ஜெயிச்சாலும் எவன்டா நம்புவான்?" என்றார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என் புத்தி அப்போது அவ்வளவுதான்.

மறு வருடம் அதே ஆற்றங்கரையோடு செகிஞ்சான் திடலில் இறுதியாட்டம். 1–0 என்று முன்னால் இருக்கிறோம். கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. இடப்பக்கம் பாய்ந்தேன், பந்து விரல் நுனியில் பட்டு வெளியே போனது! கோட்டோரம் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அண்ணன்தான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆலைக்குப் போனால் கரும்பலகை காலி. "அண்ணே, நீங்களே கண்ணால பாத்தீங்களே!" என்றேன். குரல் வரவில்லை அவருக்கு. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் லோரி காலையிலேயே வந்துவிட்டது, பகலில் ஆற்றங்கரை லோரியும் வந்தது. தங்கள் தோல்வியை அவர்களே ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தார்கள். அப்புறம் எழுதினார் பாருங்கள், பலகை முழுக்க! ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஆற்றங்கரை ஆட்களே எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்று எந்த மூலையில் நடக்கும் சின்ன லீக்கும் கைபேசியில் வந்துவிடுகிறது. நான் இரண்டு இடத்தில் பார்க்காமல் எந்த ஸ்கோரையும் யாருக்கும் சொல்வதில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு விரல்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது அழைப்பும் வந்தது. அண்ணனின் மகள். இந்த லோரி வேறு கணக்கோடு வரட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன்.

"அப்பா போயிட்டாங்க, சித்தப்பா."

இரண்டு லோரியும் வந்துவிட்டன, அண்ணே. அதனால்தான் எழுதுகிறேன்.