படையலுக்குப் போன பணியாரம்

செத்தவர்கள் சாப்பிடுகிற சத்தத்தை ஒன்பது வயதில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் கிடந்து எழும்பிவிட்டேன். வவுனியாவில் சுடலைக்குப் பக்கத்துக் கொட்டிலில் ஒரு மாரிகாலம் முழுக்கப் படுத்திருக்கிறேன். கடல் கடந்து வந்து, மீன் வெட்டும் தொழிற்சாலையின் பின்கட்டில் தனியாக இருந்திருக்கிறேன். செத்தவர்களுக்கு நான் பயந்ததில்லை. பசித்து வருகிறவர்களுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

நாங்கள் நீர்வேலிப் பக்கத்தில் இருந்தோம். அப்பா இல்லை. அம்மா வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போவார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் நாலாம் வகுப்புக்குப் போய்விட, நான் இரண்டாம் வகுப்பிலேயே இருந்தேன். எங்கள் வகுப்பு ரீச்சர்தான் பள்ளி விட்ட பிறகு என்னை மறித்து வைத்து, மணலில் விரலால் எழுத வைத்து, ஒரு வருடத்தில் வாசிக்கப் பண்ணினார். முதன்முதலில் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது சங்கக்கடைப் பலகையை. ‘மண்ணெண்ணெய் இல்லை’ என்று எழுதியிருந்தது. போத்தல்களோடு வரிசையில் நின்றவர்கள் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார்.

“திருப்பி வாசி” என்றார்.

ரீச்சருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவாயிற்று. என்ன கொடுப்பது என்பதுதான் முடிவாகவில்லை. அம்மாவின் தம்பியான மாமா, சைக்கிளில் வாழைக்குலை கட்டி மானிப்பாய்ச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். போகிற வழியெல்லாம் கதையும் கொண்டுபோவார் என்று அவருக்கு ஊரில் பெயர்.

“ஒரு இதரை வாழைக்குலை குடன் அக்கா.”

“போன கிழமை ஒருத்தி குடுத்துவிட்ட வாழைப்பழச் சீப்பையே கொண்டுபோன பிள்ளையின்ரை கையிலை திருப்பிக் குடுத்துவிட்டவ. சம்பளம் வருகுது, வேறை ஒண்டும் வேண்டாமாம்.”

“அப்ப குளிக்கிற சவுக்காரம். இப்ப பவுணிலும் அருமை.”

“சவுக்காரம் குடுத்தால், ஊத்தையாய் இருக்கிறியள் எண்டு சொன்ன மாதிரி.”

“அப்ப உன்ரை மோளையே குடு. திருப்பி அனுப்பாமல் விட்டால் லாபம்.”

அம்மா அகப்பையை ஓங்கினார். மாமா சைக்கிளில் ஏறிவிட்டார்.

ரீச்சருக்கு ஒரே மகன். முந்தின வருடம் ஆவணியில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போனவர் கரை சேரவில்லை என்று செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பல பேருக்கு உடல் கிடைக்கவில்லை. அதை ஒரு புதினமாக யாரும் எடுக்கவில்லை. அதற்கு முன்னால் அவரைத் தேடிச் சிலர் அடிக்கடி வந்து போவார்கள். யார், ஏன் என்று ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. செய்திக்குப் பிறகு அவர்கள் வருவது நின்றது. இப்போது முதலாம் ஆண்டுத் திவசம் வந்துகொண்டிருந்தது.

வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். “உயிரோடை இருக்கிறவைக்குக் குடுத்தால்தானே திருப்பித் தருவா? செத்த பிள்ளைக்குக் குடுத்தால்?”

மகனுக்குப் பனங்காய்ப் பணியாரம் என்றால் உயிர் என்று ரீச்சர் ஒருதரம் வகுப்பில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. பனம்பழக் காலம். மாமா எங்கேயோ அலைந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். கோதுமை மா கிடைக்காததால் அரிசிமாவிலேயே சுட்டார் அம்மா. என் கையில் ஒன்றுகூடத் தரவில்லை.

“படைக்கிறதைக் கண்ணாலை பாத்திட்டு வரவேணும். இல்லாட்டில் நீ இந்தப் பக்கம் திரும்ப, அவ பின்னாலை ஆளை விட்டு அனுப்பிப்போடுவா.”

திவசத்தன்று பின்னேரம் ஓலைப்பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனேன். அந்த வெக்கையிலும் ரீச்சர் வீட்டு யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தட்டிய பிறகு உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கதவு ஒரு முகத்தளவு திறந்தது.

“என்ன பிள்ளை?”

“அண்ணைக்குப் படைக்க அம்மா தந்துவிட்டவா.”

ரீச்சர் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். கண் கலங்கியது. “வைச்சிட்டுப் போ ராசாத்தி. நான் பிறகு படைக்கிறன்.”

“படைக்கிறதைப் பாத்திட்டு வரச் சொன்னவா.”

என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். உள்ளே விட்டார்.

திவசம் நடந்த வீடு மாதிரி இல்லை. சாமான் தட்டுப்பாட்டால் ஒருவரையும் கூப்பிடவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். உள்ளறையில் மகனின் படம் இருந்தது. விடைத்த காதுகள், பிளாஸ்ரிக் மாலை. முன்னால் ஒரு குத்துவிளக்கு. ரீச்சர் இலை போட்டுப் பணியாரத்தைக் குவித்தார். நெருப்புப்பெட்டியை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார்.

“எண்ணெய் இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விளக்கில் எண்ணெய் விளிம்பு வரை நின்று மினுங்கியது. திரி ஒருநாளும் எரியாத வெள்ளைத் திரி. ரீச்சர் பொய் சொல்லுவார் என்று நான் நினைக்கவில்லை. என் கண்ணில்தான் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

படைத்த பிறகு கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ரீச்சர் கதவைச் சாத்திவிட்டு வெளியறையில் என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேலே பரணில் பலகை நெரிந்தது. பூனை குதித்த மாதிரி மெத்தென்று ஒரு சத்தம். அதன் பிறகு, பணியாரத்தின் பொரிந்த ஓரம் பல்லில் உடைகிற சத்தம். மெல்ல மெல்ல அல்ல, அவக் அவக் என்று. இடையில் புரைக்கேறி, கையால் பொத்திய இருமல் ஒன்று.

ரீச்சர் திடீரென்று தேவாரம் பாடத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் எங்கள் சுருதி பிசகினால் குட்டுகிறவர், சுருதி எல்லாம் விட்டு, தொண்டை கிழியப் பாடினார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தக் கை கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

பாடி முடித்து எழும்பி, “கதவைத் திறக்கப் போறன்” என்று உரத்துச் சொன்னார். என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அறையில் யாரும் இல்லை. மேலேயிருந்து தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இலையில் ஒரே ஒரு பணியாரம் கிடந்தது, பாதி கடித்தபடி.

“எலி” என்றார் ரீச்சர்.

நான் படத்தைப் பார்த்தேன். உதட்டில் எண்ணெய் பூசியது போல இருந்தது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா! செத்த அண்ணை பணியாரம் திண்டிட்டார்!”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியே அக்கா, உன்ரை கைப்பக்குவத்துக்குச் செத்தவனும் எழும்பி வாறான்.”

அம்மா சிரிக்கவில்லை. “விளக்குக் கொளுத்தினவாவே?”

“இல்லை. எண்ணெய் நிறைய இருந்தது. திரி வெள்ளையாய் இருந்தது.”

அம்மா எனக்கு முன்னால் குந்தினார். “ரீச்சர் என்ன சொன்னவ?”

“எலியாம்.”

“அப்ப எலிதான்.” என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். “பள்ளிக்கூடத்திலை, கடையிலை, ஆர் கேட்டாலும் எலி. விளங்குதே?” பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். “உனக்கும்தான்.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. படலையடிக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். “ஒரு எலியைப் பற்றிச் சந்தையிலை என்னத்தைக் கதைக்கக் கிடக்கு?” என்றார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் படையலுக்கு என்று ரீச்சர் வீட்டுக்குப் பொதி போயிற்று. பிட்டு, பழம், சில வேளை ஒரு முட்டை. நாங்கள் கஞ்சி குடித்த கிழமைகளிலும் போயிற்று. ரீச்சர் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உள்ளறையில் பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. கடலுக்குள்ளிருந்து வருகிறவருக்குக் குளிரும்தானே என்று நினைத்தேன். வீட்டில் போய் அதையும் சொன்னேன். அடுத்த நாள் மாமா மானிப்பாயிலிருந்து மலேரியாக் குளிசை கொண்டுவந்து, பிட்டுக்குள் புதைத்தார்.

“எலிக்கு ஏன் மாமா குளிசை?”

“எலிக்கும் காய்ச்சல் வருமெல்லோ. வாயை மூடிக்கொண்டு கொண்டுபோ.”

ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, எல்லாருமே ஊரை விட்டு வெளிக்கிட வேண்டியதாயிற்று. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே தெருவில் நடந்தது. விடிந்த பிறகும் மழை விடவில்லை. மாமா சட்டி பானை கட்டிய சைக்கிளை உருட்டினார். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது பார்த்தேன்: எங்களுக்குச் சற்றுப் பின்னால் ரீச்சர். பக்கத்தில் உரப்பையை மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர். பைக்கு வெளியே விடைத்த காது.

“அம்மா, அங்கை... திவசம் செய்த அண்ணை...”

அம்மா என் தோளில் நுள்ளினார். பாலத்தடியில் சிலர் ஓரமாக நின்று, போகிற இளம் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செத்தவையைக் கை காட்டக்கூடாது. முன்னுக்குப் பாத்து நட.”

மாமா சைக்கிளோடு பின்தங்கி, ரீச்சருக்கும் பாலத்தடியில் நின்றவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டார். அங்கே போனதும் மூட்டையைச் சரிய விட்டு, பெரிய சத்தமாக மழையைத் திட்டத் தொடங்கினார். நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

பாலம் கடந்த பிறகு அம்மா மடியிலிருந்த கடைசி வாழைப்பழத்தை எடுத்து என்னிடம் தந்தார். “பின்னுக்குக் குடு. திரும்பிப் பாராதை.” நான் கையைப் பின்னால் நீட்டினேன். ஒரு கை அதை வாங்கியது. அந்த மழைக்குள்ளும் அது அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது.

“செத்தவையின்ரை கை சுடுமே அம்மா?”

“ஓம்” என்றார் அம்மா. “நட.”

சனத்துக்குள் அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. பிறகு காணவில்லை. இரண்டு மாரி கழித்து, வன்னியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் அம்மா செத்துப்போனார். மாமா வெளியே நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். சுடும் என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்தேன்.