நாலு பல்புக்கு ஒரு சோலார்

சோலார் வியாபாரத்தில் சூரியன் ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை, வாங்குகிறவர்கள்தான். பேட்டரி விற்றுப் பிழைக்கும் என் சக பாவப்பட்டவர்களே, பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருக்கும் என் கதையையும் கேளுங்கள்.

வேற ஒண்ணும் வேணாம்

காமயகவுண்டன்பட்டி ராசு அண்ணனும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கடைக்கு வந்தார்கள். மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம், கரண்டு கிடையாது. போன காய்ப்பில் பாதிப் பழத்தை வௌவால் தின்றுவிட்டது. விடிய விடிய வெளிச்சம் இருந்தால் வராதாம். இந்தத் தடவையும் போனால் கொடியை வெட்டிவிட்டுத் தென்னை வைக்க வேண்டியதுதான் என்றார் அண்ணன்.

ஃபேன் வேண்டுமா, டிவி வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டேன். பந்தலுக்கு நாலு பல்பு மட்டும் போதும் என்று அடித்துச் சொன்னார். வெயில் வராத மழை மூடாக்கு நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பன்னிரண்டு வோல்ட்டில் அளவாக ஒரு செட் கொடுத்தேன். பெரிதாக எதையும் தலையில் கட்டாத என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். பேச்சியம்மாள் மட்டும் செல்போன் சார்ஜ் போடும் ஓட்டையைத் தடவிப் பார்த்தார். "இது சும்மாவா குடுக்கீக? நல்லாருப்பீக தம்பி."

பந்தலில் காய்த்தவை

ஒரே வாரத்தில் போன். விடிவதற்குள் பல்பு அணைந்துவிடுகிறதாம், வௌவால் ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டதாம். அடித்துப் பிடித்துப் போனேன். பேனலில் நிழல் இல்லை, தூசி இல்லை. ஆனால் காவல் குடிசைக் கம்பில் குலைகுலையாக அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் செல்போன்கள். போதாதென்று பக்கத்துத் தோட்டத்து மருந்தடிக்கிற பம்ப் வேறு பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்றேன். அண்ணன் தலையைச் சொறிந்தார். "எப்பிடித் தம்பி சொல்றது? நாளைக்குத் தண்ணி முறை மாத்தணும்னா அவுககிட்டத்தான நிக்கணும்?"

பெரிசு வேண்டாம்

அப்படியானால் பெரிய பேனலும் பெரிய பேட்டரியும் போட்டுவிடலாம் என்றேன். பேச்சியம்மாள் அவசரமாகத் தடுத்தார். "வேணாஞ்சாமி, அப்புறம் டிவியத் தூக்கிட்டு இங்கன குடிவந்துருவாக!"

ஊருக்கு ஒன்று

மறுநாள் பேச்சியம்மாள் மட்டும் கடைக்கு வந்தார். இருப்பதிலேயே சின்ன பேனலும் ஒரு பழைய பேட்டரியும் கேட்டார். அதை வேலி ஓரம் மாட்டி, யார் வேண்டுமானாலும் சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாராம். தங்கள் செட்டின் ஓட்டையில் ஏற்கெனவே களிமண்ணை அப்பியாகிவிட்டது. அந்தச் சின்ன பேட்டரி அரை நாள்கூடத் தாங்காதே என்று எச்சரித்தேன். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார். "தாங்காட்டி வெயில் பத்தலன்னு சொல்லிக்கிருவோம். சூரியன்கூட யாரு சண்டைக்குப் போவா?"

அந்தக் காய்ப்பு தப்பித்தது. எனக்கும் ஒரு கூடை பழம் வந்தது. அன்றிலிருந்து சோலார் கேட்டு யார் வந்தாலும் ஃபேனா, டிவியா என்று நான் கேட்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தோடு பேச்சுவார்த்தை உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன்.